காய்ந்த மரத்துக்கு இடப்பக்கம்

ஹெலினா, மொன்டானா
ஜூன் 11, 2019

அண்ணா,

நவம்பருக்குப் பிறகு நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் மேவிஸ் அண்ணிதான் எடுத்தார். "கொட்டகையில வேலையா இருக்காரு" என்று ஒரே பதில். அதனால்தான் கடிதம். சண்டை போட எழுதவில்லை. ஒரு தகவல் சொல்லத்தான்.

கெட்டில் பள்ளத்தில் போன வாரம் ஐந்து தானியங்கி கேமராக்களைக் கட்டிவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருடமாக நாம் இரண்டு பேரும் சேர்ந்து வேட்டையாடும் இடம் அது. உனக்குத் தெரியாமல் வைத்தேன் என்று பின்னால் பேச்சு வரக் கூடாது. ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒன்று, ஊற்றுக்கு மேலே ஒன்று, ஆஸ்பென் தோப்பில் இரண்டு, கணவாயில் தடத்துக்கு இடப்பக்கம் இருக்கும் பெரிய ஸ்ப்ரூஸ் மரத்தில் ஒன்று. எல்லாம் நெஞ்சு உயரத்தில், வடக்குப் பார்த்து. அக்டோபரில் சீசன் தொடங்கும் முன் கழற்றிவிடுவேன். வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஒன்பது மைல் நடந்து போய், மான் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஐந்து நாள் உட்கார்ந்திருக்க என் முழங்கால் இனி ஒத்துழைக்காது.

போன வருடம் நடந்ததைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். காய்ந்த லார்ச் மரத்துக்கு இடப்பக்கம் நான், வலப்பக்கம் நீ சுடும் எல்லை என்று காலையிலேயே பேசி வைத்திருந்தோம். உன் குண்டு எனக்கு ஆறு தப்படி தள்ளி, என் பக்கத்துப் பாறையில் பட்டது. நான்தான் இடம் மாறிப் போனேன் என்று நீ சொன்னாய். போகவில்லை என்றுதான் எனக்கு நினைவு. ஆனால் நீ அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

லோர்னா

*

டன்ராபின் ஓடை
ஜூன் 20

லோர்னா,

கடிதம் கெடச்சது. மரத்துல பெட்டியக் கட்டிட்டு, வீட்ல உக்காந்து மான் படம் பாக்கறதுக்குப் பேரு வேட்டையா? அதுக்குத் தீவனக் கடையில வருஷா வருஷம் சும்மா தர்றான் பாரு, மான் படம் போட்ட காலண்டர், அத வாங்கி மாட்டிக்கோ. பன்னெண்டு படம் இருக்கும். பேட்டரியும் வேணாம்.

எனக்குக் கண்ணு இருக்கு, காலு இருக்கு. இந்தக் கோடையில நானே நடந்து போயி பாத்துக்கறேன், எப்பவும் பாக்கற மாதிரி. நேத்து கூட முந்நூறு கஜத்துல ஒரு தகர டப்பாவை வெச்சு மூணு குண்டு போட்டேன். மூணும் டப்பாவுல. மேவிஸ் சாட்சி.

நவம்பர் விஷயத்த நீ ஏன் கிளறுற? மரத்துக்கு வலது பக்கம்தான் மான் இருந்துது. எங்க சுடணுமோ அங்கதான் சுட்டேன். நீதான் உன் எடத்துல இல்ல. உன் மேல எனக்குக் கோவம்லாம் இல்ல. ஆனா தப்பு எங்கிட்ட இல்ல.

டவுனுக்குப் போயி அஞ்சல் போட இப்பல்லாம் மேவிஸ்தான் வண்டி ஓட்டுறா. எனக்கு இடுப்பு வலி. அதான் பதில் லேட்டு.

ஆர்லன்

*

ஹெலினா
ஜூலை 29

அண்ணா,

இந்த வார இறுதியில் போய் மெமரி கார்டுகளை எடுத்து வந்தேன். இரண்டாயிரத்து முந்நூறு படங்கள். பாதிக்கு மேல் காற்றில் ஆடும் புல். அதற்கடுத்து எல்க் மான் கூட்டம். ஆண்மான்கள் ஒன்பது தேறும். அதில் ஒன்று பெரியது. கொம்பு இன்னும் உரியாத வெல்வெட் தோலோடுதான் இருக்கிறது, ஆனால் காதுகளைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒரு சாண் விரிந்திருக்கிறது. இடது கொம்பின் பின்கிளை இரண்டாகப் பிளந்திருக்கிறது. காலையில் ஓடைப் பக்கம், பத்து மணிக்குமேல் ஆஸ்பென் நிழல். வேலையில் பனியின் ஆழம் எழுதுகிற மாதிரியே இதையும் நேரம், வெப்பநிலை, திசை என்று எழுதி வைத்திருக்கிறேன். சிரிக்காதே.

நீயும் படங்களில் இருக்கிறாய். உன்னைப் பார்ப்பதற்காகக் கட்டவில்லை. கேமராவுக்கு நீ வேறு, மான் வேறு இல்லை.

ஜூலை 14, காலை 6:52, ஓடையைக் கடக்கும் இடம். நீ கம்பு ஊன்றி வருகிறாய். உன் இடது பக்கம், எட்டுத் தப்படியில் அது நிற்கிறது. படம் தெளிவாக இருக்கிறது. நீ திரும்பவே இல்லை. அடுத்த படத்தில் நீ போய்விட்டாய், அது அப்படியே நிற்கிறது. அதைப் பார்த்தாயா?

லோர்னா

*

டன்ராபின் ஓடை
ஆகஸ்ட் 6

லோர்னா,

இப்ப என்னையே வேவு பாக்க ஆரம்பிச்சாச்சா? மானுக்குக் கேமரான்ன, அண்ணனுக்கும் சேத்துதான்னு சொல்லலியே. அடுத்த தடவ தலைய வாரிட்டு வர்றேன்.

பாத்தேன். பாக்காம என்ன? அந்தப் பெரிய ஆம்பளதான். வெல்வெட் தோலு, இடது கொம்பு பிளந்தது. எட்டுத் தப்படி இல்ல, பத்து இருக்கும். திரும்பினா மெரண்டு ஓடிரும்னுதான் திரும்பல. ஓரக்கண்ணால பாத்துட்டே நடந்தேன். உனக்கு நாந்தானே இதெல்லாம் கத்துக் குடுத்தேன், மறந்துட்டியா? மானை நேராப் பாக்கக் கூடாது. அது பாட்டுக்குப் புல்லு மேஞ்சுட்டு இருந்துது, நான் பாட்டுக்குப் போயிட்டேன். அதுக்கு ஒரு கடிதமா?

அக்டோபர்ல அனுமதிச் சீட்டு வாங்கப் போறேன். நீ உன் பெட்டிகளோட வா, வராட்டிப் போ.

ஆர்லன்

*

ஹெலினா
ஆகஸ்ட் 19

அண்ணா,

அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அது மான் இல்லை. கரடி. தாய்க் கரடி. பின்னங்காலில் எழுந்து நிற்கிறது. அதன் தலைக்கு மேலே மரத்தில் குட்டி. ஓடைச் சத்தத்தில் உனக்கு ஒன்றும் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

போன கடிதத்தில் "அது" என்று நான் வேண்டுமென்றேதான் எழுதினேன். உன்னைச் சோதித்தேன். செய்யக் கூடாத காரியம், தெரியும். ஆனால் நேராகக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்பதும் தெரியும்.

மற்றப் படங்களையும் உட்கார்ந்து பார்த்தேன். ஊற்றுக்கு மேலே தடத்தில் ஒரு காய்ந்த கிளை நீட்டிக்கொண்டு இருக்கிறது. ஜூன் 27, ஜூலை 3, ஜூலை 14, ஜூலை 20. நான்கு நாளும் அதே கிளை உன் இடது தோளில் அடிக்கிறது. ஐந்தாவது முறை நீ கோடாலியோடு வந்து அதை வெட்டியிருக்கிறாய். ஆஸ்பென் தோப்பில் அந்தப் பெரிய மான் படுத்திருக்கும் இடத்தைச் சுற்றி மூன்று முறை போயிருக்கிறாய். மூன்று முறையும் அது தலையைத் தூக்கி உன்னைப் பார்த்திருக்கிறது. எழுந்திருக்கக்கூட இல்லை.

முந்நூறு கஜத்தில் டப்பாவை அடித்தது உண்மைதான். நம்புகிறேன். நேராக இருப்பது உனக்குத் தெரிகிறது. பக்கத்தில் இருப்பதுதான் தெரியவில்லை.

போன சனிக்கிழமை அந்தப் பாறைக்குப் போனேன். குண்டு பட்ட தழும்பு இருக்கிறது. லார்ச் மரத்திலிருந்து நாடா வைத்து அளந்தேன். மரத்துக்கு இடப்பக்கம் முப்பத்தெட்டு கஜம். நான் எங்கே உட்கார்ந்திருந்தாலும், குண்டு வந்திருக்கக் கூடாத இடம் அது. ஒன்பது மாதமாக என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தேன். இனி இல்லை.

கண் டாக்டரிடம் போ. போகாமல் அனுமதிச் சீட்டு வாங்கினால் மேவிஸ் அண்ணியிடம் சொல்வேன், வேட்டைக் காவலரிடமும் சொல்வேன். மிரட்டல் என்றால் மிரட்டல்தான்.

லோர்னா

*

டன்ராபின் ஓடை
செப்டம்பர் 3

உன் சாமான உங்கிட்டயே அனுப்பறேன். பெட்டிக்குள்ள நாலு கேமரா இருக்கு. எதையும் உடைக்கல. அஞ்சாவது, அந்தக் கணவாயில இருக்கறது, கெடைக்கல. யாரோ திருடிட்டுப் போயிருப்பான். நீயே போயிப் பாத்துக்க.

யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்க. நீ சொன்னத இந்த வீட்ல நான் யார்கிட்டயும் சொல்லல. நீயும் கொஞ்சம் யோசிச்சு சொல்லு.

ஆர்லன்

*

ஹெலினா
செப்டம்பர் 24

அண்ணா,

கேமராக்கள் வந்து சேர்ந்தன. நன்றாகக் கட்டி அனுப்பியிருந்தாய்.

ஐந்தாவதை எடுக்கக் கணவாய்க்குப் போனேன். யாரும் திருடவில்லை. ஜூன் மாதக் கடிதத்தில் எழுதிய அதே மரத்தில், அதே உயரத்தில் இருந்தது.

ஆகஸ்ட் 30-ஆம் தேதிப் படங்கள் அதில் இருந்தன. காலை 9:10 முதல் 11:25 வரை. நீ பதினொரு தடவை அந்த மரத்தைக் கடந்து போயிருக்கிறாய். ஒரு தடவை களைப்பில் அதே மரத்தில் சாய்ந்து நின்றிருக்கிறாய். அந்தப் படத்தில் உன் சட்டை முதுகைத் தவிர வேறு எதுவும் இல்லை. கடைசிப் படங்களில் எதிர்ப் பாறையில் உட்கார்ந்திருக்கிறாய், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. நாற்பது நிமிடம். நீ அசையாததால் கேமரா மூன்று படம்தான் எடுத்திருக்கிறது.

உன் படங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். பிரதி எடுக்கவில்லை. யாருக்கும் காட்டவில்லை. மேவிஸ் அண்ணிக்கும் இன்னும் சொல்லவில்லை. சீசன் அக்டோபர் 26-இல் தொடங்குகிறது. அதுவரை காத்திருப்பேன்.

லோர்னா

*

டன்ராபின் ஓடை
அக்டோபர் 14

லோர்னா,

மிசூலாவுல கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தோம். நானே மேவிஸ்கிட்ட சொல்லிட்டேன். காப்பி குடிச்சிட்டு இருக்கும்போது, "கண்ணு சரியில்லன்னு நெனைக்கறேன்"னேன். அவ தலைய நிமித்தாம சொன்னா, "தட்டுல இடது பக்கம் வெச்ச உருளக்கெழங்க ஒரு வருஷமா அப்படியே வெச்சிட்டு எந்திரிக்கறீங்க. உங்களுக்கு உருளக்கெழங்கு புடிக்கலியாக்கும்னா நெனச்சுட்டு இருந்தேன்?" அதுக்கப்புறம் கார் சாவிய எடுத்துட்டு வந்து மேஜ மேல வெச்சா. அவ்வளவுதான்.

ஒரு மெஷின் வெச்சிருக்காங்க. உள்ள வெள்ளையா கிண்ணம் மாதிரி இருக்கு. தலைய உள்ள விட்டு நேராப் பாக்கணும். அங்கங்க சின்னச் சின்னதா வெளிச்சம் வரும். வந்தா பொத்தான அமுக்கணும். ஆரம்பத்துல நாலஞ்சு அமுக்கினேன். அப்புறம் ஒண்ணுமே வரல. பாவம், மெஷினு கெட்டுப் போச்சு போலன்னு, "நின்னு போச்சாம்மா?"ன்னு கேட்டேன். "இல்ல சார், ஓடிட்டுதான் இருக்கு"ன்னா அந்தப் பொண்ணு.

கிளாக்கோமாவாம். ரெண்டு கண்ணுலயும். உள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப் போயிடுமாம், ஓரத்துலேர்ந்து. வலி கிலி ஒண்ணும் இருக்காது. டாக்டரு ஒரு படம் காட்டினாரு. வட்டத்துக்கு நடுவுல ஒரு வெள்ளப் பொட்டு, சுத்தி எல்லாம் கறுப்பு. "இந்த வெள்ளதான் உங்ககிட்ட மிச்சம்"னாரு. "கறுப்பு திரும்பி வருமா?"ன்னேன். "வராது. வெள்ளையக் காப்பாத்தலாம்"னாரு. காலைல, சாயங்காலம் சொட்டு மருந்து. மேவிஸ் விடறா. நான் விட்டுக்கிட்டா மூக்குல விழுது.

வண்டி ஓட்டக் கூடாது. சீட்டு வாங்கல. துப்பாக்கியத் தொடச்சு, எண்ண போட்டு, உறையில வெச்சாச்சு. விக்கறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல. கேக்காத.

அந்தப் பெரிய மானு எங்க இருக்கு? உன் நோட்டுல எழுதியிருப்பியே. வெல்வெட் உரிச்சதுக்கப்புறம் எடத்த மாத்தியிருக்கும். பனி விழுந்தா கணவாய்க்குத் தெக்க, பாறைச் சரிவுக்குக் கீழ எறங்கும். போயி உக்காரு. யாராவது போயி உக்காரணும்.

ஆர்லன்

*

ஹெலினா
அக்டோபர் 24

அண்ணா,

நீ சொன்னது சரி. ஆகஸ்ட் 20-க்குப் பிறகு ஆஸ்பென் தோப்பில் அதன் படம் ஒன்றுகூட இல்லை. கணவாய்க் கேமராவில் இரண்டு முறை வந்திருக்கிறது, இரண்டு முறையும் தெற்கே போகிறது. கேமராவால் அவ்வளவுதான் சொல்ல முடியும். அதற்குமேல் எங்கே என்று அதற்குத் தெரியாது.

நவம்பர் 8, 9, 10. கூடாரம், அடுப்பு எல்லாம் நான் கொண்டுவருகிறேன். துப்பாக்கி ஒன்று போதும், என்னுடையது. நீ தொலைநோக்கியையும் முக்காலியையும் எடுத்துக்கொள். நடக்கும்போது என் பின்னால் வா. உட்காரும்போது நான் உன் இடப்பக்கம் உட்காருவேன்.

மேவிஸ் அண்ணியிடம் கேட்டுவிட்டேன். "கூட்டிட்டுப் போ. இங்க ஜன்னலாண்ட உக்காந்து மலையையே பாத்துட்டு இருக்காரு, எனக்குப் பொறுக்கல" என்றார்.

லோர்னா

*

டன்ராபின் ஓடை
நவம்பர் 14

லோர்னா,

முன்னங்கால் கறிய மேவிஸ் அரைச்சு வெச்சுட்டா. பின்னங்கால் ஒண்ணு உனக்கு. நீ வர்ற வரைக்கும் ஃப்ரீசர்ல கெடக்கும்.

மூணு நாளும் கூடவே இருந்துட்டு இப்ப எதுக்குக் கடிதம்னு நெனைப்ப. சொல்றேன்.

ரெண்டாம் நாள் காலைலேர்ந்து ஆரம்பிக்கறேன். நீ பைனாகுலர்ல அந்தச் சரிவ மூணு தடவ தடவிட்டு, "ஒண்ணும் இல்லண்ணா"ன்ன. நான் தொலைநோக்கிய ஒரே எடத்துல வெச்சு அசையாம உக்காந்திருந்தேன். எனக்கு இப்ப அது ஒண்ணுதான முடியும்? துண்டு துண்டாப் பாத்தேன். ஒரு துண்டு முடிச்சுட்டு அடுத்த துண்டு. "மூணாவது பாறைக்குக் கீழ, நெழலுக்குள்ள"ன்னேன். "எங்கண்ணா?"ன்ன. "நீ பாத்துட்டேதான் இருக்க. அது கிளை இல்ல, கொம்பு"ன்னேன். நீ மூச்ச இழுத்தது எனக்குக் கேட்டுது. ஒண்ணே முக்கா மணி நேரம் அந்தப் பெரிய மானு எந்திரிக்கல. நீயும் அவசரப்படல. எந்திரிச்சு திரும்பி நின்னப்புறம் ஒரே குண்டு. எரநூத்தி நாப்பது கஜம். நாலு அடி வெச்சுது, விழுந்துது. அழகாச் சுட்ட. அங்க வெச்சு சொல்லல, இப்ப சொல்றேன்.

கறியச் சுமந்துட்டு எறங்கும்போது உன் பை வாரைப் புடிச்சுட்டே வந்தேன். நீ கல்லு, வேரு, பள்ளம்னு ஒவ்வொண்ணா சொல்லிட்டே வந்த. வெக்கமாத்தான் இருந்துது. ஆனா விழல.

அப்புறம் அந்தப் பாறைகிட்ட வந்தோம். நீ நின்ன. குனிஞ்சு பூட்ஸ் கயித்த அவுத்துக் கட்டின. அது அவுந்திருக்கல, லோர்னா. எனக்கு நேரா இருக்கறது நல்லாத் தெரியும்னு நீயே எழுதியிருக்க. ரெண்டு பூட்ஸையும் அவுத்துக் கட்டின. மெதுவா. எனக்காகத்தான் நீ நிக்கறன்னு தெரிஞ்சுது. பாறையில வெள்ளையா தழும்பு. என் கைக்கு எட்டற தூரம்தான். வாயத் தொறந்தேன். "மேகம் கட்டுது, போலாம்"னேன். நீ எந்திரிச்சு பைய மாட்டிக்கிட்ட.

அஞ்சு நாளா அது எனக்குச் சோறு எறங்க விடல.

போன வருஷம் நவம்பர் 17 காலைல நான் குறி வெச்ச மானு மரத்துக்கு வலது பக்கம்தான் மொதல்ல வந்துது. அது பொய்யில்ல. துப்பாக்கித் தொலைநோக்கிக்குள்ள அத வெச்சுட்டு கூடவே நகந்தேன். ஓரக்கண்ணுக்கு மரம் வரும், வந்தா நிறுத்திக்கலாம்னு இருந்தேன். மரம் வரவே இல்ல. அதனால இன்னும் வலது பக்கம்தான்னு நெனச்சு சுட்டேன். துப்பாக்கிய எறக்கினதும் மரத்தத் தேடினேன். தலைய நல்லாத் திருப்பித் தேட வேண்டியிருந்துது. அது எனக்கு வலது பக்கம், ரொம்பத் தள்ளி நின்னுது. அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. டாக்டர் சொல்லியோ, உன் கேமரா சொல்லியோ இல்ல. அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் நீ எடம் மாறினன்னு சொன்னேன். நீ கத்திட்டே எறங்கி வர்றதுக்குள்ள அந்தப் பொய்ய யோசிச்சு வெச்சுட்டேன். அப்புறம் ஒரு வருஷம் அதையே சொல்லிட்டு இருந்தேன். நீ உன்னையே சந்தேகப்படறதா எழுதினப்பவும் அதையேதான் சொன்னேன்.

இன்னும் ஒண்ணு இருக்கு. இதச் சொல்லாட்டி மேல எழுதினதெல்லாம் பாதிதான்.

மரம் எங்க இருக்குன்னு தெரிஞ்சப்புறம் தொலைநோக்கிய மறுபடியும் கண்ணுல வெச்சேன். அந்தச் சின்ன வட்டத்துக்குள்ள நீ இருந்த. ஆரஞ்சு மேலங்கி, கையில கல்லுத் தூசிய தட்டிவிட்டுட்டு இருந்த. ஆனா நான் மொதல்ல தேடினது உன்னையில்ல. மானு எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு பாத்தேன். அதப் பாத்ததுக்கப்புறம்தான் உன்னப் பாத்தேன்.

ஆர்லன்